கன்னத்து மூச்சு

என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டேன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லியே என் அம்மா என்னை வளர்த்தாள். அடையாளக் கார்டு எழுத வந்தவன் கேட்டபோதுகூட, அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தவள் நான். ஊரில் அவரை நாயனக்காரர் என்பார்கள். நமக்கும் அதுவே போதும்.

மற்றபடி எனக்கு வாய் நீளம். எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்க அது தெரியும். விடியலில் இடியப்பம் பிழிந்து பசாரில் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் நாய்கூட மதிக்காது. அவரும் சளைத்தவர் இல்லை. நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். சண்டை போட்டு முடித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து கோப்பி குடிப்போம். பதினெட்டு வருஷமாகப் பிள்ளை இல்லாத வீட்டில் வேறு என்ன சத்தம் கேட்கும், சொல்லுங்கள். எங்கள் சண்டைச் சத்தம், அவருடைய நாயனச் சத்தம், மத்தியானத்தில் அவர் விடும் குறட்டை. அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்து ஊதி ஊதி அவருக்குக் கன்னம் இரண்டும் உப்பிப் போயிருந்தன. சும்மா இருக்கும்போதும் வாய்க்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறவர் மாதிரி தெரியும். பணியாரக் கன்னம் என்று நான் கேலி செய்வேன். இந்தக் கன்னம்தான் உனக்குச் சோறு போடுகிறது என்பார். சோறு போடுவது என் இடியப்பம் என்பேன். அதிலே ஒரு சண்டை தொடங்கும்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வருகிற வருஷம் எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாள் தள்ளிப் போனதும், சரி, எல்லாம் நின்று போகிற வயது வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். சீதா பீபிக்தான் ஒருநாள் என்னைக் கிணற்றடியில் நிறுத்தி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வயதான பெண்களை மரியாதையாகப் பீபிக் என்போம். அவர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்னே கப்பலில் வந்து இங்கேயே தங்கிப்போன தமிழ் வம்சம். நாங்கள் குடியிருந்த பின்கட்டு அவருடையது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு மருத்துவச்சியும் அவரே. மாரியம்மன் என்றால் உயிர். சாமி, விபூதி, பூசை என்று நாலு தமிழ் வார்த்தை வரும், மற்றதெல்லாம் மலாய்தான். தொட்டுப் பார்த்துவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிள்ளை இருக்கிறது, முட்டாளே, என்றார்.

அன்று நாயனக்காரர் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே. நாயனத்தை எடுத்துப் பின்கட்டில் நின்று ஊதினார் பாருங்கள், கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. பீபிக் வந்து, ஊருக்கே சொல்லிவிடாதே, மூன்று மாதம் போகட்டும் என்று அதட்டினார். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைக்க ஈப்போவிலிருந்து ஒரு பிரசங்கி வந்தார். சித்திரை முடியும் நேரம், மாரியம்மன் கோயில் திருவிழா. நல்ல மனிதர்தான், குற்றம் சொல்ல மாட்டேன். மனிதனைக் கடவுள் ஏன் சாகிறபடி படைத்தான் என்பதை விளக்கினார். பிரம்மா கருவில் பிள்ளையைப் பிசைந்து, உருவம் கொடுத்து, ஒன்பது வாசலும் வைத்து முடித்தபின் இந்த உயிருக்கு இத்தனை மூச்சு என்று அளந்து உள்ளே போடுகிறானாம். கெஞ்சினாலும் கூடக் கிடையாதாம். ஆமை நிதானமாக மூச்சு விடுவதால் நூற்றுக்கணக்கான வருஷம் இருக்கிறது, நாய் இளைத்து இளைத்துப் பத்துப் பன்னிரண்டில் போய்ச் சேர்கிறது என்றார்.

"மனுஷன் வயசு முடிஞ்சு சாகறதில்ல. மூச்சு முடிஞ்சு சாகறான்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

கோபப்படுகிறவர்கள் மூச்சை வாரி இறைக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது பெண்கள் வரிசையில் நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனையையும் ஒலிபெருக்கி வைத்துத் தொண்டை கிழியக் கத்திச் சொன்னாரே, அவர் மூச்சு யார் கணக்கில் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆண்கள் பக்கம் நாயனம் மடியில் இருக்க உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. அன்று சாமி புறப்பாட்டுக்கு அவர் வாசித்ததில் பாதி உயிர் இல்லை. தவில்காரர் பொன்னுதுரை அடித்து அடித்துச் சமாளித்தார்.

மறுநாள் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டி ஆணியில் மாட்டினார். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. பேச்சுக்கும் மூச்சு வேண்டுமே.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எங்கே போய்ச் சொல்ல. சைக்கிள் மிதிப்பதை நிறுத்தினார். கோயிலுக்குப் போகும் வழியில் மேடு இருக்கிறது என்று சுற்றிப் போனார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து அடக்கிக் கண் சிவந்து நிற்பார். குறட்டையில் மூச்சு வீணாகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் விறகு ஈரம், அடுப்பு புகைகிறது, ஏழு மாத வயிற்றோடு குனிய முடியவில்லை, இந்த ஊதுகுழலைக் கொஞ்சம் ஊதிக் கொடுங்கள் என்றேன். மனிதர் விசிறியை எடுத்து வந்தார். நாயனக்காரன் வீட்டில் அடுப்பு ஊத ஆள் இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் விசிறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. ஒற்றைக் கை தட்டினால் ஓசை வருமா? அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் விசிறியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினார்.

"எங்கப்பா சாகறப்ப நான் எங்கம்மா வயித்துல. அண்ணன்தான் எனக்கு ஒத்து ஊதச் சொல்லிக் குடுத்துச்சு, அதுவும் அம்பத பாக்கல. ரெண்டு பேரும் நாயனம். எனக்கு இப்ப நாப்பத்தேழு. இது பொறந்து என் மொகத்த பாக்கணும், பூங்காவனம். நான் எங்கப்பன் மொகத்த பாத்ததில்ல."

அவ்வளவு நீளமாக அவர் பேசி வாரக்கணக்கு ஆகியிருந்தது. பேசி முடித்ததும் மூச்சை எண்ணுகிறவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார். நான் இத்தனை நாளும் கஞ்சத்தனம், பயம், பைத்தியம் என்று என்னென்னவோ பெயர் வைத்திருந்தேன். பிள்ளைக்காகச் சேர்த்து வைக்கிறார் மனிதர். இதை எப்படித் திட்டுவது? அன்றிலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பகலில் அவர் உட்கார்ந்து கண்ணயர்ந்தால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்ப்பேன்.

ஆனால் விட்டுவிடுகிற ஜாதி இல்லை நான். ஒரு சாமி இப்படிச் சொன்னால் இன்னொரு சாமி வேறு மாதிரி சொல்லாமலா இருக்கும்? பீபிக்கிடம் கேட்டேன். கம்போங் செட்டிக்காரர்கள் பொங்கலுக்கு முந்தின நாள் செத்துப்போனவர்களுக்கு வாழை இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் படைத்துவிட்டு, கதவைச் சாத்தி வெளியே காத்திருப்பார்கள். உள்ளே முன்னோர் வந்து சாப்பிட்டுப் போவார்கள். பீபிக் வெற்றிலையை மென்றுகொண்டே, யாருமே சாகாவிட்டால் அந்தச் சாப்பாட்டுக்கு யார் வருவது என்று கேட்டார். இதைப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னால் இன்னும் பயந்துவிடுவார் என்று அங்கேயே விட்டுவிட்டேன்.

பிறகு ரோசாவிடம் கேட்டேன். ரோசா உஜோங் பாசிர் மீனவர் குப்பத்திலிருந்து கூடையில் கெராகாவ் என்கிற பொடி இறால் கொண்டுவந்து பசாரில் என் பக்கத்தில் உட்காருகிறவள். வேதக்காரி. அவள் சாமி களிமண்ணைப் பிசைந்து மனிதனைச் செய்தாராம். செய்தது அப்படியே கிடந்ததாம். குனிந்து அதன் மூக்கில் தன் மூச்சை ஊதினாராம், உடனே எழுந்து உட்கார்ந்ததாம். எனக்கு இடியப்பத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடவேண்டும்போல் இருந்தது.

ஓடத்தான் செய்தேன், அந்த வயிற்றோடு. "கேட்டீங்களா, ரோசா சாமியும் ஊதற ஆளுதான். ஊதினா கொறையும்னா அந்தச் சாமிக்கு எவ்வளவு கொறைஞ்சிருக்கணும்?" என்றேன்.

அவர் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. கடைசியில், "அது அவங்க சாமி," என்று சொல்லிவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டார். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது.

ஆகஸ்ட் பிறந்தது. ஊரெல்லாம் கொடியும் தோரணமும் தைக்கிற பரபரப்பு. மெர்டேக்கா அன்று மாரியம்மனுக்கு விசேஷப் பூசை, ஊர்வலம் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார்கள். பொன்னுதுரை தினமும் வந்து கெஞ்சினார். அண்ணே, நாயனம் இல்லாமல் நான் தனியாக அடித்தால் எவனோ எதையோ ஏலம் போடுகிறான் என்று நினைப்பார்கள் என்றார். தவில் அடித்தாலும்தான் இளைக்கிறது, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்றும் கேட்டுப் பார்த்தார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் கோயில்காரர்கள் இசைத்தட்டு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அன்று பொன்னுதுரை எங்கள் வாசலில் நின்று ஆணியில் தொங்கிய நாயனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

மெர்டேக்காவுக்கு ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் நல்ல மழை. எனக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லியிருந்தோம், ஆனால் பிள்ளைக்கு என்ன அவசரமோ, வண்டி வருவதற்குள் தலை தெரிய ஆரம்பித்துவிட்டது. பீபிக் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். பிரசவ அறையில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை. அவர் தாழ்வாரத்தில் நின்றார். கதவு இடுக்கு வழியாக அவர் வேட்டி ஓரம் எனக்குத் தெரிந்தது. நான் போட்ட கூச்சலுக்கு அந்த வேட்டி நடுங்கியது.

பிள்ளை வந்தது. பெண். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பீபிக் சட்டென்று எடுத்துவிட்டார். ஆனால் அழுகைச் சத்தம் வரவில்லை. பீபிக் பிள்ளையைக் கவிழ்த்து முதுகைத் தட்டினார். உள்ளங்காலைச் சுண்டினார். வாயில் விரலை விட்டுச் சளியை வழித்தார். ஒன்றுமில்லை. நீலம் பாரித்துப்போய்த் துணி மாதிரி தொங்கியது. அதற்குள் எனக்கு உதிரம் நிற்காமல் போக ஆரம்பித்தது. பீபிக்குக் கை இரண்டுதானே. ஒரு கையால் என் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, பிள்ளையின் முகத்தில் குனிந்து ஊதப் பார்த்தார். அவருக்கு மழை வந்தாலே நெஞ்சு இழுக்கும். ஊத வந்த மூச்சு இருமலாகப் போயிற்று. கதவைப் பார்த்து, இங்கே வா, வா என்று மலாயில் கத்தினார்.

வேட்டி அசையவில்லை. மனிதர் அப்படியே மரத்துப்போய் நிற்கிறார். எனக்கு உயிர் போகிறதா வருகிறதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்ததை அப்போதுதான் திறந்தேன். யோசித்துச் செய்யவில்லை. தானாக வந்தது.

"சுப்பையா," என்று கத்தினேன். "சுப்பையா, உள்ள வா."

கதவு படாரென்று திறந்தது. வந்தவரின் கையில் பீபிக் பிள்ளையைப் போட்டார். "தியூப்," என்றார். ஊது என்று அர்த்தம். அவர் தன் பாட்டுக்கு நெஞ்சு நிறைய இழுத்தார். பீபிக் அந்த மார்பில் கையை வைத்துத் தடுத்து, ரத்தக் கையாலேயே அவர் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். நெஞ்சிலிருந்து ஊதினால் அந்தப் பிஞ்சு தாங்காது, கன்னத்தில் இருக்கிறதை மட்டும் கொடு என்பது அதற்கு அர்த்தம். "பெலான், பெலான்," என்றார். மெல்ல, மெல்ல.

அவருக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்கு ஒத்து ஊதினவர் அல்லவா? ஒத்து என்பது ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற குழல். வாசிக்கிறவன் நிறுத்தலாம், ஒத்துக்காரன் நிறுத்தக் கூடாது. கன்னத்தில் மூச்சை நிறுத்தி வைத்து அதை வெளியே அழுத்திக்கொண்டே மூக்கால் புது மூச்சு எடுக்க வேண்டும். அந்தச் சின்ன மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடினார். கன்னம் மெல்ல அமுங்கியது. பிள்ளையின் மார்பு இத்தனூண்டு எழுந்தது. வாயை எடுத்தார். மார்பு தாழ்ந்தது. மறுபடி ஊதினார். மறுபடி. மறுபடி.

எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. தும்மலைக்கூட அடக்கி வைத்த மனிதர், அன்றைக்கு எண்ணவே இல்லை. கண்ணீர் அந்தப் பணியாரக் கன்னத்தில் வழிந்து பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. நான் படுத்தபடி அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியம்மா, அந்தக் கன்னம் வற்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பிள்ளை ஒருமுறை விக்கியது. கால் உதறியது. பிறகு அழுதது பாருங்கள், அழுகையா அது! மழைச் சத்தத்தையும் மீறிக் கம்போங் முழுக்கக் கேட்டிருக்கும். எனக்குப் பிறந்தது இல்லையா, வாய் நீளமாகத்தானே இருக்கும். பீபிக் "சாமி, சாமி" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கும் உதிரம் கட்டுப்பட்டது. அப்பாடா என்று கண்ணை மூடினேன். அந்த ஒரு அப்பாடாவுக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

கண்ணைத் திறந்தபோது பிள்ளையைக் கழுவித் துணியில் சுற்றி என் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் பீபிக்கின் விரல் தடம் அப்படியே காய்ந்திருந்தது. பிள்ளையையே பார்த்தபடி ஒரு சந்தேகம் கேட்டார். அந்த மூச்செல்லாம் அவர் கணக்கில் எழுதப்படுமா, பிள்ளை கணக்கிலா என்று. பயந்து கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார்.

"எண்ணித்தான் போட்டான்னா கன்னத்த எதுக்கு வச்சான்? பிரசங்கி ஒம்பது வாசல் சொன்னாரே, கன்னத்த சொன்னாரா? அது நமக்கு வச்சதில்ல. அடுத்த ஆளுக்குக் குடுக்கறதுக்கு வச்சது," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து அது தோன்றியதோ தெரியாது. இன்றுவரை எந்தப் பிரசங்கி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எம் பேர சொன்னே," என்றார்.

"சொன்னேன். வா போன்னும் சொன்னேன். இப்ப என்ன கொறைஞ்சு போச்சு உங்களுக்கு?"

கன்னத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு வயிறு குலுங்க. மாதக்கணக்கில் அடக்கி வைத்த சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. நானும் சிரித்தேன், தையல் போட்ட மாதிரி வலித்தது. பீபிக் உள்ளே வந்து, இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து விபூதி பூசிவிட்டுப் போனார்.

மெர்டேக்கா அன்று விடிந்ததும் நாயனத்தை ஆணியிலிருந்து எடுத்தார். ஊதுமுனைச் சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே வாசலில் நின்ற பொன்னுதுரையோடு போனார். தீட்டு இருந்ததால் நான் கோயிலுக்குப் போகக் கூடாது; அவரைக் கோயில்காரர்களே வாசலுக்கு வெளியே நின்று ஊதச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முதலில் தவில். பிறகு நாயனம் எழுந்தது. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். நாடு பிறந்த சந்தோஷத்தில் ஊதுகிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்கல்லவா தெரியும், அதில் பாதி எங்கள் வீட்டுச் சந்தோஷம்.

மத்தியானம் வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, பாயை விரித்துக் காலை நீட்டி மல்லாந்து படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. கூரை ஓடு கழன்று விழும்போல் ஒரு குறட்டை. முன்பென்றால் விலாவில் குத்தித் திருப்பிப் படுக்க வைத்திருப்பேன். அன்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டாள். முகம் சிவந்து, கையைக் காலை உதைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஐயோ, மூச்சு வீணாகிறதே என்று சொல்லப்போகிறாரோ என்று பதறி, அவசரமாகத் தூக்கித் தட்டிக் கொடுத்தேன். குறட்டை நின்றது. சுப்பையா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிப் பிள்ளையின் காலைத் தொட்டார்.

"அழட்டும் விடு," என்றார். "மூச்சு இருக்குல்ல."